சூறை ராத்திரியில் இல்லாதவள்

எங்கள் ஏரிமேட்டூரில் ஒரே ஒரு சினிமா எடுத்தார்கள், அதுவும் ஓடவில்லை. எங்கும் ஓடாத அந்தப் படத்தை எங்கள் ஊர் மட்டும் இருபத்தாறு வருஷம் ஓட்டியது. செத்துப்போனவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மற்ற ஊர்க்காரர்கள் எங்கே போவார்களோ தெரியாது, நாங்கள் டாக்கீஸுக்குப் போனோம். நான் அந்த டாக்கீஸில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவன். யார் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள், யார் சிரித்துக்கொண்டே வந்தார்கள் என்பதை என்னைக் கேட்டால்தான் தெரியும்.

படத்தின் பெயர் 'சூறை ராத்திரி'. மாசி மாதம் சிவராத்திரி முடிந்து வருகிற அமாவாசையில் எங்கள் பக்கத்தில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடக்கும். ஆம்பிளைகள் காளியாகவும் காட்டேரியாகவும் வேஷம் கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை உடம்பில் குத்திக்கொண்டு, அம்மனுக்குப் பின்னால் சுடுகாடு வரைக்கும் ஆடிக்கொண்டே போவார்கள், அங்கே சுண்டலும் கிழங்கும் தானியமும் சூறை விடுவார்கள், கையில் அகப்பட்டவர்களுக்கு யோகம். அந்த ஒரே ராத்திரியில் ஒரே ஊரில் நடக்கிற ஐந்து பேய்க்கதைகளைக் கோத்து ஒரு படம் எடுக்கிறோம் என்று பட்டணத்திலிருந்து ஒரு கம்பெனி வந்து இறங்கியது. லாட்ஜுக் கண்ணாடியிலிருந்து இறங்கி வருகிற கல்யாணப்பெண் முதல் கதை, பிணவறையில் எண்ணிக்கை தப்பிப்போகிற டாக்டர் அடுத்தது, கிணற்றுக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் மூன்றாவது, ஏறியவர்கள் இறங்க முடியாத கடைசி பஸ் நான்காவது, கட்டிய காளி வேஷம் எத்தனை கழுவினாலும் போகாத ஒருவனின் கதை கடைசி. ஐந்துக்கும் நடுவே ஊர்வலம் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஊர்வலத்துக்கு ஆள் வேண்டுமென்று எங்களையே பிடித்து நிறுத்தினார்கள். படம் வெளியான இரண்டாவது வாரம் கம்பெனியே காணாமல் போனது, படப்பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை, பதினாலு ரீலும் எங்கள் ஆபரேட்டர் ரூமிலேயே தங்கிவிட்டன. அதிலிருந்து ஒவ்வொரு மயானக் கொள்ளை அன்றும் காலைக் காட்சியாக அதைப் போடுவது வழக்கமாயிற்று, வேஷக்காரர்கள் முகத்துச் சாயம் காய்கிற நேரத்தில் வந்து உட்கார்ந்து கூட்டத்தில் தங்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஏழாவது வருஷம் டெய்லர் கோதண்டம் அதில் வந்தார். அவர் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஷூட்டிங் நடந்தபோது அவர் ஊரிலேயே இல்லை, மாமியார் வீட்டில் மஞ்சள்காமாலையோடு கிடந்தார். ஆனாலும் மூன்றாவது கதையில், ஊர்வலம் கிணற்றடிக்குத் திரும்புகிற இடத்தில், பம்பைக்காரர்களுக்குப் பின்னால், கழுத்தில் அளவு டேப்போடு, செத்தபோது போட்டிருந்த அதே கிழிந்த பனியனோடு, சாவகாசமாக நடந்து போனார். பெஞ்சில் இருந்த யாரோ கோதண்டம் ஷூட்டிங்குக்கு வரவில்லையே என்றார், பக்கத்திலிருந்தவர் வரவில்லைதான் என்றார், அதற்குள் இடைவேளை விட்டார்கள், எல்லோரும் போண்டா தின்னப் போனார்கள். அவர் பெண்சாதி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்து, இந்த மனுஷன் நல்ல பனியன் ஒன்று போட்டுக்கொண்டு செத்திருக்கக் கூடாதா என்று அழுதாள்.

அந்த அழுகையை ஊர் மறக்கவில்லை. அடுத்த வருஷம் ஆறு பேர், அதற்கடுத்த வருஷம் ஒன்பது பேர், அந்தந்த வருஷத்தில் செத்தவர்கள் அத்தனை பேரும் ஏதாவதொரு கதையில், டீக்கடை பெஞ்சிலோ லாட்ஜு மாடிப்படியிலோ, செத்த நேரத்து உடுப்போடு வந்து சேர்ந்தார்கள், வந்தவர்கள் மறுபடி போகவும் இல்லை, ஆக வருஷாவருஷம் படத்தில் நெரிசல் கூடிக்கொண்டே வந்தது. இதனால் எங்கள் ஊரில் சாகிற முறையே மாறிப்போயிற்று. இழுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, பெட்டியிலிருந்து பட்டு எடுத்துக் கட்டிவிட்டார்கள். ஊசி போட வந்த கம்பவுண்டர் இது கல்யாண வீடா என்று வாசலிலேயே நின்று கேட்டார். எங்கப்பனுக்கு லாட்ஜுக் கதையில் நாற்காலி கிடைத்தது, உங்கப்பன் கிணற்றடி ஈரத்தில்தானே நிற்கிறான் என்று சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை அறுந்தது. பேய்க்கு மட்டும் மரியாதை போயே போயிற்று. அது தலைவிரி கோலமாக வந்து வாயைப் பிளக்கிறபோது, பின்னால் நிற்கிற தன் அம்மாவை மறைக்கிறதே என்ற ஆத்திரத்தில், தள்ளி நில்லுமே என்று பெஞ்சிலிருந்து சத்தம் போட்டார்கள். அத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

பட்டாளத்தில் இருந்த சுந்தரேசன் நான்காவது கதையின் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனது பதினோராவது வருஷம். அவன் பெண்சாதி அங்கேயே மயங்கி விழுந்தாள். தந்தி வந்து சேர்ந்தது எட்டு நாள் கழித்து. அதற்குப் பிறகு சூறை ராத்திரி சொன்னால் சொன்னதுதான். வடக்கே வேலைக்குப் போனவன் மூன்று வருஷமாகக் கடுதாசி போடவில்லை என்று எவளாவது மணியக்காரரிடம் போய் நின்றால், படத்தில் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பார். ஆமாம் என்று நாலு பேர் சொன்னால் செத்தான் என்று எழுதிக் கொடுப்பார். படத்தில் இல்லையென்றால் ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், தாலியைக் கழற்ற வேண்டாம், பொட்டை அழிக்க வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு. சினிமாவை நம்புகிற ஜனம் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

ஒரு வருஷம் பட்டணத்திலிருந்து கண்ணாடி போட்ட நாலு வாலிபர்கள் வந்தார்கள். பேய்ப்படப் பிரியர்கள் தேடி அலைகிற படமாம் அது, உலகத்திலேயே இந்த ஒரு பிரிண்ட்தான் மிச்சமாம், கல்ட் படம் என்று அதற்குப் பேராம். கதையெல்லாம் சுமார்தான், ஆனால் கூட்டத்தில் நிற்கிறவர்கள் முகத்தில் இருக்கிற துக்கம் எந்தப் படத்திலும் இல்லை, அந்த ஜனங்களை நடிக்க வைத்தது யார் என்று என்னிடம் துருவித் துருவிக் கேட்டார்கள். நான் போண்டா வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

இந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் சம்பூரணம் எட்டு வருஷம் உயிர் வாழ்ந்தாள். அவளும் அவள் புருஷன் ஏகாம்பரமும் கைலி நெய்கிறவர்கள், நடுத்தெருவில் வீடு, ஒரே பெண் புனிதா. புனிதாவுக்குப் பத்தொன்பது வயசு, டவுனில் ஒரு ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போய்வந்தாள். அங்கே கூட வேலை செய்கிறவன் எவனோடோ பேசிக்கொண்டு நிற்கிறாள் என்று யாரோ பற்ற வைத்துவிட, ஒரு தை மாதத்துக் காலையில், வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றவளை ஏகாம்பரம் தெருவே பார்க்க அறைந்தார், உதடு கிழிந்தது. அவள் அழவில்லை. நீலத் தாவணியின் முனையால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டு, ஏழே முக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள், போனவள் போனவள்தான். கம்பெனிக்கு அன்று வரவில்லை என்றார்கள். அந்தப் பையனும் அதே வாரம் வேலையை விட்டு எங்கேயோ போயிருந்தான்.

முப்பத்தைந்தாம் நாள் மயானக் கொள்ளை வந்தது. காலை ஏழு மணிக்கே சம்பூரணம் டாக்கீஸ் கேட்டில் வந்து நின்றாள், சைக்கிளில் வந்து இறங்கிய ஆபரேட்டர் லூர்துசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணே, எம்புள்ள எவங்கூட ஓடிப்போயிருந்தாலும் சரி, எந்தச் சாதிக்காரனா இருந்தாலும் சரி. படத்துல மட்டும் அவ இருக்கக் கூடாது. உங்க மாதாகிட்ட வேண்டிக்கோண்ணே."

லூர்துசாமி கையை விடுவித்துக்கொண்டு மாடிக்குப் போனார். பிரிண்ட் பழசு, ஒட்டு விட்டுப்போகும் என்பதால், காட்சிக்கு முன்னால் ஒரு தடவை காலிக் கொட்டகையில் முழுப்படத்தையும் தனியாக ஓட்டிப் பார்த்து, விட்ட இடத்தை ஒட்டிவைப்பது அவர் வழக்கம், அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுவோம். பதினொரு மணிக்குக் காட்சி ஆரம்பித்தது. ஊரே சம்பூரணத்துக்காகப் பார்த்தது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் செத்தவரை விட்டுவிட்டு நீலத் தாவணியைத் தேடினார்கள், லாட்ஜில் தேடினார்கள், பிணவறையில் தேடினார்கள், கிணற்றடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினார்கள், ஐந்து கதை முடிந்தும் புனிதா இல்லை. காளி வேஷக்காரர்கள் அழுத அழுகையில் முகத்துச் சாயம் மார்பில் ஒழுகியது. மகள் பாஸ் பண்ணிவிட்டாள் என்று சொல்கிறவர்களைப் போல, எம்பொண்ணு ஓடித்தான் போயிருக்கா, ஓடித்தான் போயிருக்கா என்று வாசலில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சம்பூரணம் சொன்னாள். ஏகாம்பரம் நடுரோட்டில் கோயில் பக்கம் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அன்றோடு அவர்கள் நிம்மதி முடிந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. செத்தவள் என்றால் அழுது தீர்த்துவிடலாம், உயிரோடு இருக்கிறவளைத் தேடாமல் எப்படி இருப்பது? பெங்களூரில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் சம்பூரணம் பெங்களூருக்குப் போனாள், திருப்பூரில் பார்த்தேன் என்றால் திருப்பூருக்குப் போனாள், அங்கே பனியன் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் நடையைப் பார்த்து மூன்று தெரு பின்னாலேயே போய் அடி வாங்கிக்கொண்டு வந்தாள். சோறு வடிக்கும்போது ஒரு பிடி அதிகம் போட்டு வடித்தாள், மறுநாள் காலையில் அது பழையதானதைத் தின்றாள், எட்டு வருஷமும் அப்படியே. வருஷத்துக்கு ஒரு நாள், அந்தக் காலைக் காட்சி முடிந்து வெளியே வருகிறபோது மட்டும், அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும். ஏகாம்பரம் அதற்குப் பிறகு யார் மேலும் கை ஓங்கவில்லை, யாரோடும் அதிகம் பேசவும் இல்லை. ஆறாவது வருஷம் அவருக்கு நெஞ்சில் நோய் வந்தது; ஏழாவது வருஷம் டாக்டர் இனி ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார்; ஆனால் மகள் வந்தால் அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று அந்த மனுஷன் பிடிவாதமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

எட்டாவது வருஷக் காட்சியில் சம்பூரணம் ஒன்றைப் பார்த்தாள். நான்காவது கதையில் பஸ் திரும்புகிறபோது பம்பை தொடர்ந்து அடிக்கும். அந்த அடி ஒரு இடத்தில் இடறியது, கால் தூக்கிய ஒருவன் காலை வைக்காமலே நாலு அடி தள்ளி நின்றான். முன்பு அந்த இடத்தில் அப்படி இல்லை. முப்பது வருஷமாகத் தறியில் அறுந்த பாவிழையை முடிச்சுப் போட்டவள் அவள், துணியைத் தடவியே முடிச்சு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அறுந்து ஒட்டியதாகத்தான் இருக்கும், பழைய பிரிண்ட்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போனவளுக்கு வருஷம் முழுக்க அந்த இடமே கண்ணில் நின்றது. இந்த இடம் மட்டுமில்லை, போன வருஷம் கிணற்றடியில் ஒன்று, அதற்கு முந்தின வருஷம் லாட்ஜுப் படியில் ஒன்று என்று யோசிக்க யோசிக்க எட்டு முடிச்சு வந்தது.

ஒன்பதாவது வருஷம் காலை ஆறரை மணிக்கு அவள் வந்தாள். கேட்டில் நிற்கவில்லை, நேராக மாடியேறி ஆபரேட்டர் ரூமுக்குள் போனாள். அதற்குப் பிறகு மேலே நடந்ததை லூர்துசாமி வேலையை விட்டுப் போகிற அன்றுதான் என்னிடம் சொன்னார், சொல்லும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் ஒன்றும் கேட்கவில்லையாம். ஓட்டு, நானும் பாக்கறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய், காலிக் கொட்டகையில், பெண்கள் பெஞ்சில், ஒருத்தியாக உட்கார்ந்தாள். லூர்துசாமிக்கு மறுக்க வழியில்லை, ஓட்டினார். நான்கு கதை ஓடி முடிந்தது. கடைசிக் கதையில் காளி வேஷக்காரன் ஏரிக்கரையில் குனிந்து முகத்தைக் கழுவுகிறான், சாயம் போகவில்லை, கரை மேல் பம்பையோடு ஊர்வலம் போகிறது, அவன் பின்னால் எங்கள் ஊர்ச் செத்தவர்கள் இருபது வருஷத்துக் கூட்டமாக நெருக்கியடித்து நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, டெய்லர் கோதண்டத்தைத் தள்ளிக்கொண்டு, சுந்தரேசனை இடித்துக்கொண்டு புனிதா வந்தாள். நீலத் தாவணி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் முன்னால் வந்து, காளி வேஷக்காரனையும் மறைத்துக்கொண்டு இன்னும் முன்னால் வந்து, திரை முழுக்க அவள் முகமே ஆகிற வரைக்கும் வந்து நின்று, கொட்டகைக்குள் பார்த்தாள். உதட்டில் அப்பன் அறைந்த காயம் அன்றைக்குக் காலையில் இருந்தபடியே ரத்தம் உலராமல் இருந்தது. அதுவரை அந்தப் படத்தில் எங்கள் செத்தவர்கள் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

"எம்மா," என்றாள்.

ஒரே தடவைதான். அதற்குள் பின்னாலிருந்த கூட்டம் நெருக்கி அவளை உள்ளே இழுத்துக்கொண்டது, காளி வேஷக்காரன் மறுபடியும் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

காயம் ஆறவில்லை என்றால், அது ஆறுவதற்கு ஒரு நாள்கூட அவள் உயிரோடு இருந்திருக்கவில்லை. பஸ் ஏறுவதற்கு ஏரிக்கரை வழியாகத்தான் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளச் சம்பூரணத்துக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் திரும்ப மாடியேறி வந்தபோது, லூர்துசாமி ஒரு பிஸ்கட் தகர டப்பாவைத் திறந்து மேஜை மேல் வைத்திருந்தார். உள்ளே எட்டு பிலிம் சுருள்.

"மொத வருஷம் பஸ் ஸ்டாண்டுல ரொம்ப தூரத்துல, முதுகக் காட்டிகினு நின்னா. நீ கீழ நின்னுகினு இருந்த. எனக்கு மனசு வரல. இந்த ஒரு வருஷம் போவட்டும்னு வெட்டிட்டேன். அடுத்த வருஷம் பாத்தா வேற எடத்துல நிக்கறா. அப்போ காமிச்சா மொதல்லயே ஏன் மறைச்சன்னு கேப்பியே," என்றார் லூர்துசாமி.

சம்பூரணம் ஒவ்வொரு சுருளாகப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் சுருளில் நகத்தளவு நீலம். இரண்டாவதில் முதுகு. மூன்றாவதில் பாதி திரும்பியிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்திருந்தாள், ஐந்தாவதில் கையை உயர்த்தியிருந்தாள், எட்டாவதில் வாய் பாதி திறந்திருந்தது. கடைசிச் சுருளைக் கீழே வைக்கும்போது அவள் அழுதாள் என்றா நினைக்கிறீர்கள், இல்லை, குரலே உயராமல் பேசினாளாம்.

"எட்டு தபா என்னைத் தேடி வந்துகீறா. எட்டு தபாவும் நீ வெரட்டி அனுப்பிகீற. நானு அவளத் தேடிகினு திருப்பூர்ல அலைஞ்சிகினு இருந்தேன்."

லூர்துசாமி அவள் காலில் விழுந்தார். செருப்பால் அடி, ஊர் முன்னால் நிறுத்திக் கேள், எதுவானாலும் சரி என்றார். இன்றைக்கு வெட்ட மாட்டேன், ஊர் பார்க்கட்டும், உன் புருஷனும் பார்க்கட்டும் என்றார். புருஷன் என்ற சொல்லைக் கேட்டதும்தான் அவள் குரல் உயர்ந்தது. ஆமாம், காட்டு, அவருக்குத்தான் காட்ட வேண்டும், அவர் கையால் கிழித்த உதட்டை அவரே பார்க்கட்டும், மன்னிப்புக் கேட்கிறேன் மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறாரே, இவ்வளவு பெரிய முகம் வந்து நிற்கும்போது கேட்கட்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். மூன்று வருஷமாக அந்த மனுஷனுக்குக் கஞ்சி ஊட்டிய கையை மேஜையில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். நான் அங்கே இருந்திருந்தால் அவள் பக்கம்தான் பேசியிருப்பேன்.

அதற்குள் பத்தரை மணியாகி, நான் கீழே கதவைத் திறந்துவிட்டேன், ஜனம் உள்ளே வந்தது. ஏகாம்பரத்தை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு காளிகள் வந்தார்கள். ஆண்கள் பக்கம் புகை அதிகம் என்பதால் அவர் நாற்காலியைப் பெண்கள் வாசல் பக்கம் நான்தான் போட்டுக் கொடுத்தேன். நன்றாக சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார், சட்டைக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் அவர் கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி, மேலே ஆபரேட்டர் ரூமின் சின்ன ஓட்டையைப் பார்த்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் தன் பெண்சாதி நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது, அவர் படத்தைத்தான் கும்பிட்டார், இல்லாமல் இருக்கணும் சாமி என்று.

சம்பூரணம் ரொம்ப நேரம் அந்த ஓட்டை வழியாகவே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். என்ன நினைத்தாள் என்று லூர்துசாமிக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. கடைசியில் திரும்பி, எங்கிருந்து எது வரைக்கும் வெட்ட வேண்டும் என்று கேட்டாள்.

லூர்துசாமி வேண்டாம்மா என்றார். அப்புறம், செய்தே ஆகணும் என்றால் நான் செய்கிறேன், பெத்தவ கையால வேண்டாம் என்றார்.

"நீ வெட்டனது போதும்ணே. உன் முடிச்சு தெரியுது. அவரு கண்டுபுடிச்சிருவாரு, அவரும் நெய்யறவருதான்," என்றாள் சம்பூரணம்.

கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். மகள் கூட்டத்தை விலக்குகிற முதல் கட்டத்தில் ஒரு வெட்டு, கூட்டம் மகளை மூடுகிற கடைசிக் கட்டத்தில் ஒரு வெட்டு. இரண்டு முனையையும் பிளேடால் சுரண்டி, பசை தொட்டு, பாவிழையைச் சேர்க்கிற விரலால் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். ஊர்வலத்தின் கால் தூக்கிய இடத்துக்கு நேராகக் கால் வைக்கிற இடம் வந்து உட்கார்ந்தது. முப்பது வருஷ சர்வீஸில் அப்படி ஓர் ஒட்டைத் தான் போட்டதில்லை என்று லூர்துசாமி சொன்னார். வெட்டிய துண்டை அவள் டப்பாவில் போடவில்லை, சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

வந்தவள் புருஷனின் நாற்காலியோரம் தரையில் உட்கார்ந்தாள். எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்டதற்கு, கோயிலுக்கு என்றாள். படம் ஓடியது. வழக்கம் போல ஜனம் தங்கள் தங்கள் ஆட்களைக் காட்டி அழுதது, பேயைத் திட்டியது, அந்த வருஷம் புதிதாக வந்து சேர்ந்த ஏழு பேரில் இரண்டு பேருக்கு லாட்ஜில் இடம் கிடைத்ததைப் பார்த்துப் பொருமியது. கடைசிக் கதையில் காளி வேஷக்காரன் ஏரிக்கரையில் குனிந்து முகம் கழுவினான், பம்பை இடறாமல் அடித்தது, ஒருவர் காலும் தப்பவில்லை. சம்பூரணம் கண்ணை மூடவே இல்லை. விளக்குப் போட்டதும் ஏகாம்பரம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லியேமே? எனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. நீ நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன். நம்ம புள்ள இல்ல. உயிரோடதான் கீறா."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. பெஞ்சிலிருந்தவர்கள் வந்து அவர் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள், வருஷாவருஷம் செய்கிற மாதிரியே. இரண்டு காளிகளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், வெளியே ஊர்வலத்துக்கு மேளம் கட்டுகிற சத்தம் கேட்டு ஜனம் அவசர அவசரமாகக் கலைந்தது. சம்பூரணம் மட்டும் எழுந்திருக்கவில்லை. வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு இடுப்பை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்த வேண்டும், வாம்மா என்று சொல்வதற்காகக் கிட்டே போன எனக்கு அவள் பேசியது கேட்டது. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை, லூர்துசாமி சொன்ன பிறகு என்னால் மறக்க முடியவில்லை.

"கோச்சிக்காத கண்ணு," என்று அவள் அந்தத் திரைத்துணியைப் பார்த்துச் சொன்னாள். "இன்னும் கொஞ்ச நாளு அங்கியே பொறுத்துகினு இரு. மொதல்ல உங்கப்பா போயிடட்டும்."